ஒட்டுப் போட்ட ஏரோப்ளேன்ல ஏறலாமுங்களா?

போன இதழ்ல லேத் பட்டறை பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப போற போக்குல ஒரு வரி எழுதிட்டேனுங்க, ஏரோப்ளேன்ல விரிசல் விட்டா சில எடத்துல ரிவிட்டே அடிக்காம எழையும் பசையும் வெச்சு ஒட்டியே சரி பண்ணிருவாங்கன்னு. அவ்ளோதான், கடுதாசியும் வாட்ஸப்பும் வந்து குமிஞ்சிருச்சு. பாதிப்பேரு "நெசமாவா"ங்கறாங்க, மீதிப்பேரு "அப்ப எங்க ஊட்டு டேங்க் மட்டும் ஏன் ஒட்ட மாட்டீங்குது"ங்கறாங்க. நான் இருவது வருசத்துக்கு மேல ஹாங்கர்ல (ஏரோப்ளேன நிறுத்தி ரிப்பேர் பாக்கற கொட்டாய்) அலுமினியத்தையும் ஃபைபரையும் சொரண்டிட்டு இருந்தவன், இப்ப பல்லடம் பக்கம் சின்னதா ஒரு ஃபைபர் பட்டறை வெச்சு ஓட்டிட்டு இருக்கேன், அதனால இந்த மாசம் பூரா இதே பேச்சுத்தான். மோட்டார் காயில் கேள்வி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் சித்த பொறுத்துக்கோங்க.

கே: ரிவிட்டும் போல்ட்டும் புடிக்காததையா பசை புடிக்கப் போவுது? எனக்கு நம்பிக்கை இல்லீங்க.
(லேத் பட்டறைக்காரர், கணபதி, கோவை)

ப: ஷாஃப்ட்டு எங்க ஒடையும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமாக்கும்? ஓட்டை போட்ட எடத்துல, இல்லீன்னா கீவே பள்ளம் வெட்டின மூலைல. இழுப்பு வர்ற தகட்டுல ஒரு வட்ட ஓட்டை போட்டா அந்த ஓட்டை ஓரத்துல மட்டும் இழுப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆயிருமுங்க. ஏரோப்ளேன் ஒவ்வொரு வாட்டி ஏறி எறங்கறப்பவும் அந்த இழுப்பு வந்து வந்து போகும், கட்டுக்கம்பிய மடக்கி மடக்கி ஒடைப்பமில்ல, அந்தக் கதைதான். இப்ப விரிசல் விட்ட எடத்து மேல இன்னொரு தகட்ட வெச்சு சுத்தி 40 ரிவிட் அடிச்சீங்கன்னு வெச்சுக்கோங்க, பழைய விரிசல் ஒண்ணு, புதுசா ஓட்டை நாப்பது. அதுல எதுல அடுத்த விரிசல் கெளம்பும்னு சாமிக்குத்தான் வெளிச்சம்.

பசைக்கு ஓட்டையே வேண்டாம். சுமைய நாப்பது புள்ளில வாங்காம ஒட்டின பரப்பு பூராவும் பரத்தி வாங்கிக்கும்.

இத ஒரு மொறையா கொண்டு வந்தது ஆஸ்திரேலியாக்காரங்க. மெல்போர்ன்ல இருந்த ஏரோநாட்டிக்கல் ரிசர்ச் லேபரட்டரீஸ்ல ஆலன் பேக்கருங்கறவரும் அவரோட இருந்தவங்களும் 1970-கள்ல ஆரம்பிச்சாங்க. அவங்க ஏர்ஃபோர்ஸோட ஹெர்குலிஸ் சரக்கு விமானத்துல எறக்கைக்குள்ள நீளவாட்டுல போற பட்டைங்கள்ல அரிப்பும் இழுப்பும் சேந்து விரிசல் விட்டிருச்சு, மிராஜ் போர் விமானத்துல எறக்கை அடித்தோல்ல இருக்கற எண்ணெய் வடியற ஓட்டைகிட்ட விரிசல். எறக்கைய கழட்டி மாத்தறதுன்னா துட்டும் நாளும் தண்ணியா செலவாகும். அதுக்கு இவங்க போரான் எழைய எபாக்ஸிங்கற பசைல ஊற வெச்ச பட்டைய விரிசலுக்குக் குறுக்கால அடுக்கி ஒட்டிட்டாங்க. போரான் பட்டை அலுமினியத்த விட ஏறக்குறைய மூணு மடங்கு வெறப்பு. வெறப்பா இருக்கறவன் தலைலதான் சுமை ஏறும், ஊட்டுலயும் அப்படித்தானே? சுமை ஒட்டு வழியா சுத்திப் போயிருது, விரிசல் அங்கயேதான் கெடக்கும் ஆனா வாயத் தொறக்க முடியாது, வாயத் தொறக்காத விரிசல் அவ்வளவு சுலுவா நீளாது.

ஏன் போரான், கார்பன் எழை ஆகாதான்னு கேப்பீங்க. கார்பன் கரண்ட் கடத்தும், அத அலுமினியத்து மேல நேரா வெச்சு ஈரமும் சேந்துச்சுன்னா ஒரு பேட்டரி மாதிரி ஆகி அலுமினியத்தத் தின்னுரும், நடுவால ஒரு கண்ணாடி எழைத் துணி குடுத்துத்தான் ஒட்டணும். போரானுக்கு அந்த வம்பு இல்ல. அதுபோக எட்டி கரண்ட் சோதனைக் கருவிய (தகட்டுக்குள்ள சுழல் மின்சாரம் கெளப்பி விரிசல் தேடறது) ஒட்டு மேலயே வெச்சு அடில விரிசல் நீண்டிருக்கான்னு பாத்துக்கலாம். கஷ்டம் என்னன்னா தலமுடிய விட மெலிசான டங்ஸ்டன் கம்பி மேல போரானப் படிய வெச்சுப் பண்ற எழை அது, வெலை கொள்ளை வெலை, வெட்டறதுக்கு வைரத்தூள் போட்ட டூல்தான் வேணும். கைல ஒரு சிலும்பு ஏறிச்சுன்னா மூணு நாளைக்கு சோத்துல கை வெக்க முடியாது, அனுபவம்.

அப்பறம் 1990-கள்ல அமெரிக்க ஏர்ஃபோர்ஸ் சி-141 சரக்கு விமானங்களுக்கு எறக்கைல இதே மாதிரி நெறைய ஒட்டினாங்க. 1997-ல பயணிகள் போற ஒரு லாக்ஹீட் எல்-1011 விமானத்துக் கதவு மூலைல போரான் பட்டை ஒட்டி ஓட்டிக் காமிச்சாங்க. நம்பிக்கை இல்லாதவங்கள நம்ப வெக்க அத்தன நாளாச்சு, நீங்க ஒரு கடுதாசில நம்பலைன்னா தப்பில்லீங்க.

கே: மாடியில இருக்கற பிளாஸ்டிக் தண்ணி டேங்க்ல வெடிப்பு. ரெண்டு கலர்ல வரும்ல, பிசைஞ்சு ஒட்டற எபாக்ஸி, அத மூணு தடவ வெச்சாச்சு, மூணு தடவயும் தோல் மாதிரி உரிஞ்சு வந்திருச்சு. ஏரோப்ளேனுக்கு ஒட்டறது டேங்குக்கு ஏன் ஒட்டாது?
(குடும்பத் தலைவி, சென்னிமலை)

ப: பசை மேல தப்பு இல்லீங்கம்மா. டேங்க் பாலிஎத்திலீன், மெழுகு ஜாதி, அது மேல எபாக்ஸி ஒட்டவே ஒட்டாது, முப்பது தடவ வெச்சாலும் இதே கதைதான். டேங்க காலி பண்ணி நல்லா காய வெச்சு, பிளாஸ்டிக் வெல்டிங் பண்றவரக் கூப்புட்டு அதே ஜாதி பிளாஸ்டிக் துண்ட உருக்கி வெக்கச் சொல்லுங்க, நிக்கும்.

ஆனா உங்க கேள்விலதான் மொத்த விசயமும் இருக்குதுங்க. பஞ்சர் கடைல பாத்திருப்பீங்க, டியூப்ல ஓட்டைய கண்டுபுடிச்ச கையோட பேட்ச வெச்சு அமுக்கிர மாட்டாரு. மொதல்ல உப்புத்தாள் போட்டு சொறசொறன்னு சொரண்டுவாரு, தொடைப்பாரு, சொல்யூஷன் தடவிட்டு பீடி ஒண்ணு குடிக்கற நேரம் சும்மா இருப்பாரு, அப்பறம்தான் பேட்ச். ஒட்டற வேலை ரெண்டு நிமிசம், அதுக்கு முன்னால பண்ற வேலைதான் வேலை. ஏரோப்ளேன்லயும் அதேதான், என்ன, கணக்கு ரொம்ப கறார்.

அலுமினியத்துக்கு மொதல்ல பெயிண்ட எடுத்து, கரைப்பான்ல நனைச்ச வெள்ளைத் துணில ஒரே பக்கமாத் தொடைக்கணும், முன்னயும் பின்னயும் தேச்சா அழுக்கு எடம்தான் மாறும். அந்த கரைப்பான் தானா காயறதுக்குள்ள காஞ்ச துணில தொடைச்சு எடுத்தரணும், இல்லீன்னா கரைஞ்ச எண்ணெய் மறுபடி அங்கயே படிஞ்சிரும். துணில கறை வராத வரைக்கும் இதே வேலை. அப்பறம் மணல் மாதிரி அலுமினாத் தூள காத்துல பீச்சி மேல்தோல எடுத்துட்டு சைலேன்னு ஒரு மருந்து தடவி காய வெக்கறது ஆஸ்திரேலியா வழி, பாஸ்பாரிக் ஆசிட்ல கரண்ட் குடுத்து மேல ஒரு படலம் வளக்கறது போயிங் வழி. ஈரமான ஊர்ல வருசக்கணக்குல ஒட்டு நிக்கணும்னா இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தே ஆகணும், வெறும் உப்புத்தாள் ஓட்டினா அன்னைக்கு நல்லாத்தான் புடிக்கும், மழைக்காலம் ரெண்டு போனாத் தெரியும் சேதி.

சுத்தமாயிருச்சான்னு பாக்க கருவி எதுவும் வேண்டாம், நல்ல தண்ணிய மேல ஊத்திப் பாப்போம். தண்ணி மெலிசாப் பரவி பாய் விரிச்ச மாதிரி நின்னா சுத்தம். தாமரை எலைத் தண்ணியாட்டம் முத்து முத்தா உருண்டா எண்ணெய் இருக்குது, மறுபடி மொதல்ல இருந்து.

கே: ஒட்டி முடிச்சதுக்கப்பறம் அது கெட்டியா ஒட்டிருச்சான்னு எப்படிங்க சார் கண்டுபுடிப்பீங்க? இழுத்துப் பாத்தா பிஞ்சு வந்துரும்ல?
(ஐ.டி.ஐ. மாணவர், பெருந்துறை)

ப: தம்பி, சரியான எடத்துல புடிச்சே. இந்த தொழில்ல எல்லாரும் ராத்திரி தூக்கம் கெட்டு யோசிச்ச கேள்வி இதுதான்.

காசு ஒண்ண எடுத்து ஒட்டு மேல டொக்கு டொக்குன்னு தட்டிட்டே போவோம். சந்தைல மண்பானைய சுண்டிப் பாத்து வாங்கறாங்கல்ல, அதே. நல்லா ஒட்டின எடம் டிங்குனு கேக்கும், உள்ள காத்து இருந்தா தொப்புனு கேக்கும். கேட்டா சிரிப்பா இருக்கும், ஆனா இன்னைக்கும் இது மொறையான சோதனைதான். அதுக்கு மேல அல்ட்ராசோனிக் இருக்கு, சூடு காமிச்சு கேமராவுல பாக்கற தெர்மோகிராஃபி இருக்கு. இது எல்லாமே சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், உள்ள இடைவெளி இருக்கா இல்லையான்னு. எத்தன பலமா ஒட்டிருக்குன்னு சொல்ல இதுல எதுக்குமே துப்பு கெடையாது. பசை தகட்டத் தொட்டுட்டு இருக்கும், இடைவெளி மயிரளவும் இருக்காது, ஆனா ஒட்டிருக்காது, பட்டும் படாம நிக்கும். ஹாங்கர்ல இதுக்கு கிஸ்ஸிங் பாண்டுன்னு பேரு.

ஒண்ணு சொல்றேன் கேளு. நான் வேலை பாத்த ஒரு எடத்துல (பேரு வேண்டாம்) பயிற்சிக்குன்னு பழைய பேனல் மேல ஒரு ஒட்டு போட்டோம், எல்லாம் படிப்படியா பண்ணி, தட்டிப் பாத்து, அல்ட்ராசோனிக்கும் பாத்து, அருமைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. கொஞ்ச நாள் கழிச்சு பெரியவரு ஒருத்தரு ஸ்க்ரூ டிரைவர ஓரத்துல உட்டு நெம்பினாரு பாரு, பனங்கெழங்கு தோல் உரிக்கற மாதிரி மொத்தமா கைல வந்திருச்சு. பசை பூரா ஒட்டுப் பக்கம், தகட்டுப் பக்கம் பளபளன்னு கண்ணாடி, நான் என்ற மூஞ்சிய அதுல பாத்துக்கலாம். அப்பறம் தோண்டித் துருவினா, அதே ஷெட்டுல அந்தக் கோடில ஒருத்தரு அன்னைக்கு காலைல வண்டி டயருக்கு சிலிகான் ஸ்ப்ரே அடிச்சிருக்காரு. அது காத்துலயே வந்து தகட்டு மேல ஒக்காந்திருச்சு. தண்ணி ஊத்திப் பாக்கற வேலைய அன்னைக்கு நேரமில்லைன்னு உட்டுட்டோம், உட்டது நாந்தான்.

ஒடைஞ்ச ஒட்ட பாத்தே காரணம் சொல்லலாம். கிரீம் பிஸ்கட்ட பிரிக்கறப்ப ரெண்டு பக்கமும் கிரீம் ஒட்டிட்டு வந்தா நல்ல ஒட்டு, பசையோட பலம் முடிஞ்சுதான் பிஞ்சிருக்கு. ஒரு பக்கம் பூரா கிரீம், இன்னொரு பக்கம் வெறும் பிஸ்கட்டா வந்தா மேற்பரப்பு சுத்தம் பண்ற வேலைல கோட்ட விட்டிருக்காங்க. அதனாலதான் நெசமான ஒட்டு போடறப்ப பக்கத்துலயே அதே தகடு, அதே பசை, அதே சூட்டுல சின்ன துண்டுங்களும் சேத்து ஒட்டுவோம். அதக் கொண்டு போய் கிழிச்சுப் பாக்கறது. பிளேன்ல இருக்கறத கிழிக்க முடியாதில்ல.

1988 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாயில அலோஹா ஏர்லைன்ஸ் 737 ஒண்ணு பறந்துட்டு இருக்கறப்பவே முன்னால மேல்கூரை ஏறக்குறைய 18 அடி நீளத்துக்கு பிச்சுட்டுப் போயிருச்சு. 89,680 தடவ ஏறி எறங்கின விமானம், உப்புக்காத்து ஊரு. ஃபாக்டரில தகட்டு மேல தகடு வெச்சு குளிர்நெலைலயே பசை போட்டு ஒட்டி ரிவிட்டும் அடிச்சிருந்தாங்க, அந்த பசை விட்டுப் போனதும் சுமை பூரா ரிவிட் ஓட்டைங்க தலைல ஏறி ஒவ்வொரு ஓட்டைலயும் சின்னச் சின்னதா விரிசல் வந்து எல்லாம் ஒண்ணா சேந்துருச்சு. விமானப் பணிப்பெண் ஒருத்தரு போயிட்டாரு, மத்தவங்கள பைலட்டு எப்படியோ மாவி தீவுல எறக்கிட்டாரு. பசை பத்தி விமானத்துறைல பேச்சு வந்தா இந்த விமானம் பேச்சுல வராம இருக்காது.

அதுக்கப்பறம் எங்க வந்து நிக்கறாங்கன்னா, ஒட்டோட பலத்த அளக்க வழியில்லைன்னு ஒத்துக்கிட்டு கணக்க அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க. சுமை தாங்கற முக்கியமான எடத்துல பசை ஒட்டு போடறதா இருந்தா, அந்த ஒட்டு பூராவும் கழண்டு உழுந்துட்டாக்கூட விமானம் தன்னோட வாழ்நாள்ல சந்திக்கக்கூடிய பெரிய சுமைய தாங்கி வந்து எறங்கணும். அப்படி தாங்காதுன்னா ஒட்டு போட அந்த எடத்துல அனுமதி கெடையாது, போல்ட் போடு இல்லைன்னா பாகத்த மாத்து. அதனால ஒட்டோட அளவுக்கு ஒரு எல்லை தானா வந்திருது. இது எனக்கு ரொம்ப புடிச்ச சட்டம் தம்பி, மனுசன் அன்னைக்கு சோம்பேறித்தனம் பண்ணிருப்பான்னு முன்கூட்டியே நெனச்சு எழுதினது.

கே: கார்பன் துணி கார்பன் துணின்னு சொல்றீங்களே, அத நம்ம தறில ஓட்ட முடியுமுங்களா? காடா ஓட்டி ஒண்ணும் கட்டுபடி ஆவலைங்க.
(விசைத்தறிக்காரர், சோமனூர்)

ப: ஏனுங்க, கேள்வியிலயே பெருமூச்சு கேக்குது.

நெய்யறது நம்ம நெய்யறதுதான், பாவும் ஊடையும்தான். ஆனா நூலுக்கு முறுக்கு இல்ல. ஒரு எழைன்னு நெனைக்கறது 3,000 இல்ல 6,000 இல்ல 12,000 நார் சேந்த கத்தை, ஒவ்வொரு நாரும் 5-லிருந்து 7 மைக்ரான், தலமுடில பத்துல ஒரு பங்கு. இழுக்க பலம் ஜாஸ்தி, மடக்கினா படக்குனு ஒடையும், நாடா அடிச்சு ஓட்டற தறில போட்டா பஞ்சாப் பறக்கும். அந்தப் பஞ்சு கரண்ட் கடத்தற பஞ்சு, மோட்டார் பெட்டிக்குள்ளயோ சுவிட்ச் போர்டுக்குள்ளயோ பூந்துச்சுன்னா ஷார்ட் ஆகி புகைஞ்சிரும். கார்பன் ஓட்டற எடத்துல நாடா இல்லாத ரேப்பியர் தறி, போர்டெல்லாம் காத்துப் புகாத பொட்டிக்குள்ள, தூசி உறிஞ்சற மிஷின் வேற. கண்ணாடி எழைன்னா கரண்ட் தொல்லை இல்ல, ஆனா அரிப்பு எடுக்கும்.

உங்களுக்குப் புரியற ஒரு விசயம் இஞ்சினியருங்களுக்கே வெளக்கறது கஷ்டமுங்க. சாதா நெசவுல எழை மேலயும் கீழயும் வளைஞ்சு வளைஞ்சு போவுது, வளைஞ்ச எழை சுமைய நேரா வாங்காது. சாட்டின் நெசவுல ஊடை நாலு பாவுக்கு மேல போய் ஒண்ணுக்கு கீழ நொழையும், இல்லீன்னா ஏழுக்கு மேல ஒண்ணுக்கு கீழ. வளைவு கம்மி, பலம் சேத்தி, விமான மூக்கு மாதிரி உருண்டையான எடத்துல சுருக்கமில்லாம படுத்துக்கும். எறக்கைக்கெல்லாம் ஊடையே இல்லாம பாவு மட்டும் வெச்ச பட்டைதான் ஜாஸ்தி. ஒட்டு போடறப்ப பழைய அடுக்குல எந்த அடுக்கு நீளவாட்டு, எது குறுக்கு, எது 45 டிகிரி சாய்வுன்னு பாத்து ஒவ்வொண்ணுக்கும் அதே திசைல போடணும். மேல பாதிக்கும் கீழ பாதிக்கும் அடுக்கு பொருந்தலைன்னா சூட்டுல வெந்து வர்றப்ப அப்பளமாட்டம் முறுக்கிக்கும். துணிக்கு திசை இருக்குதுன்னு உங்கள மாதிரி ஆளுக்கு யாரும் சொல்ல வேண்டாம், அதனால எங்க பட்டறைல வேலைக்கு ஆள் வேணும்னா நான் மொதல்ல தறிக்கார ஊட்டுப் பசங்களத்தான் கேக்கறேன்.

தறி மாத்தறதப் பத்தி, கடன் வாங்கி ரேப்பியர் போட்டு கார்பன்ல எறங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நூல் வெளிய இருந்து வரணும், வாங்கறவன் தரச் சான்றிதழ் கேப்பான். கண்ணாடி எழைத் துணி போட்டுப் பழகிட்டு அப்பறம் யோசிங்க.

கே: பைக் ஃபைபர் டூம் ஒடஞ்சா நாங்களே பேஸ்ட் போட்டு ஒட்டிருவோம். பாடியே கார்பன்ல இருக்கற புது பிளேன்ல அடிபட்டா எப்படி ஒட்டுவாங்க?
(டூவீலர் மெக்கானிக், தாராபுரம்)

ப: போயிங் 787-ல எடைக்கு பாதி காம்போசிட்டு (எழையும் ரெசின்ங்கற பசையும் சேந்து கெட்டியானது), ஏர்பஸ் ஏ350-ல 53 சதவீதம். மொதல் தலவலி அடிபட்டதே தெரியாது. அலுமினியத்துல அடிபட்டா நசுங்கித் தெரியும். கார்பன்ல சாப்பாட்டு வண்டிக்காரன் வந்து ஒரு இடி இடிச்சாலும், ஆலங்கட்டி உழுந்தாலும், மேல லேசா ஒரு புள்ளி, உள்பக்கம் அடுக்கடுக்கா உரிஞ்சு கெடக்கும், பலாப்பழத்துல மேல சின்னதா அடி பட்டிருக்கும் உள்ள அழுகிருக்குமே அது மாதிரி. அதனால இடிச்சவன் வாயத் தொறந்து சொல்லியாகணும், சொல்றவனத் திட்டாம இருக்கறதும் ஒரு ரிப்பேர் வேலைதான்.

அடிபட்ட எடத்த வட்டமா எடுத்துட்டு ஓரத்த சரிவா தேய்ப்பாங்க, கெணத்துக்குப் படி எறக்கற மாதிரி அடுக்கு அடுக்கா. தோல் 3 மில்லிமீட்டர்னா சரிவு 90 மில்லிமீட்டர் நீளம் ஒவ்வொரு பக்கமும், ஒண்ணுக்கு முப்பதுங்கற கணக்கு, எடத்துக்கு எடம் ஒண்ணுக்கு இருவதுல இருந்து அம்பது வரைக்கும் போகும். அம்பது பைசா அளவு காயத்துக்கு ஒரு டிபன் தட்டு அளவுக்கு தேய்க்க வேண்டி வரும், புதுசா வர்ற பையன் கை நடுங்குவான்.

அடுத்தது ஈரம். காம்போசிட்டு காத்துல இருக்கற ஈரத்த குடிச்சு வெச்சிருக்கும், தேன்கூடு மாதிரி உள்ள அறை அறையா இருக்கற பேனல்னா தண்ணியே நிக்கும். அத காய வெக்காம சூடு ஏத்தினீங்கன்னா உள்ள ஆவியாகி தோல ஊதி பூரி மாதிரி கெளப்பிரும். அதனால மொதல்ல மெதுவா காய வெக்கணும், அவசரத்துக்கு எடமில்ல.

ஒட்டற துணி ரெசின்ல ஊறி வரும், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல இருக்கும். வெளிய எடுத்த ஒடனே கவரப் பிரிச்சா ஐஸ் தண்ணி செம்புல வேக்கற மாதிரி மேல தண்ணி கோத்துக்கும், வீணாப் போச்சு. கவரோடவே வெச்சு அறை சூட்டுக்கு வந்தப்பறம்தான் பிரிக்கணும். அடுக்கி, மேல உரிச்செடுக்கற துணி, ரெசின் உறிஞ்சற துணி, சூடு ஏத்தற போர்வை எல்லாம் போட்டு, பிளாஸ்டிக் பையால மூடி சுத்தி கோந்துப்பட்டை ஒட்டி காத்த உறிஞ்சிருவோம். காத்த உறிஞ்சினா வெளிய இருக்கற காத்தே அமுக்குது, ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 900 கிலோ, ரெண்டு மாடு ஏறி நின்ன மாதிரி. அப்பறம் நிமிசத்துக்கு ரெண்டு மூணு டிகிரின்னு ஏத்தி 120-ஓ 177-ஓ, எந்த ரெசினோ அதுக்குத் தக்கன ரெண்டு மணி நேரம் மாதிரி வெச்சு எறக்கணும். தோலுக்குப் பின்னால ஒரு தாங்கு பட்டை ஓடினா அது சூட்ட இழுத்துக்கும், அங்க மட்டும் வேகாம நின்னுரும், அதனால சுத்தி பல எடத்துல சூடு பாக்கற வயர் வெச்சிருப்போம். மின்னல் வாங்கறதுக்கு மேல ஒரு தாமிர வலை இருக்கும், அதையும் பழையபடி சேத்துக் குடுக்கணும். எல்லாம் முடிச்சு பெயிண்ட், பழைய பெயிண்ட எடுக்கறதுக்கு மருந்து ஊத்தக் கூடாது, ரெசினத் தின்னுரும், தேய்க்கத்தான் வேணும்.

பேஸ்ட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் இவ்ளோதான் தம்பி. பெரிய காயமா இருந்தா இந்த கூத்தெல்லாம் உட்டுட்டு டைட்டானியம் போல்ட் போட்டு ஒரு தட்ட மாட்டிருவாங்க, அதுவும் உண்டு.

கே: கோவைல இருந்து போறப்ப ஜன்னல் வழியா பாத்தா எறக்கைல வெள்ளிக் கலர்ல டேப் ஒட்டிருந்துச்சு. உயிரே போச்சு.
(பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்)

ப: அது ஸ்பீட் டேப், அலுமினியத் தகட்டுல கெட்டிப் பசை தடவினது. சுமை தாங்கறதுக்கு இல்ல, பெயிண்ட் உரிஞ்ச எடத்துல வெயிலும் காத்தும் படாம மூடி வெக்கறது. கையேட்டுல எங்க ஒட்டலாம், எத்தன நாள் வெக்கலாம்னு போட்டிருக்கும். 787 எறக்கைல பெயிண்ட் வெயில்ல உரிஞ்சு போற தொல்லை இருந்துச்சு, அதுக்கு இந்த டேப்ப ஒட்டினது படம் படமா சுத்திச்சு. அடுத்த வாட்டி படம் எடுத்துப் போட்டு பீதிய கெளப்பாதீங்க.

கே: பஸ் பாடிக்கு இந்த வேக்குவம் பை முறை ஆகுமா?
(பஸ் பாடி பில்டர், கரூர்)

ப: தாராளமா ஆகும். கையால ரெசின் பூசற வேலைல ரெசின் ஜாஸ்தியா நின்னு எடை ஏறுது, வேக்குவம் போட்டா மிச்ச ரெசின் வெளிய வந்திரும். பம்பு, பை, ட்யூப் இதுதான் செலவு. முன் மூஞ்சி பேனல் ஒண்ணுல பழகிப் பாருங்க.

கே: பையன் பிளஸ் டூ. இந்த வேலைக்கு எங்க படிக்க வெக்கறது? சூலூர்ல சேர முடியுமா?
(ஒரு அம்மா, சோமனூர் ரோடு)

ப: பயணிகள் விமானத்துல ரிப்பேர் பண்ணி கையெழுத்து போடணும்னா டிஜிசிஏ (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) குடுக்கற ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்பு இஞ்சினியர் லைசென்ஸ் வேணும், அதுக்குன்னு அங்கீகாரம் வாங்கின காலேஜுங்க இருக்கு, சேத்தறதுக்கு முன்னால டிஜிசிஏ பட்டியல்ல பேரு இருக்கான்னு நீங்களே பாத்துக்கோங்க, ஏஜென்ட் பேச்ச கேக்காதீங்க. பரீட்சைல பொருள் பத்தின பாடத்துலயே காம்போசிட்டும் வரும். சூலூர்ல இருக்கறது ஏர்ஃபோர்ஸ், அங்க அவங்களோட 5-வது பேஸ் ரிப்பேர் டெப்போ இருக்கு, அதுக்கு ஏர்ஃபோர்ஸ் ஆள் எடுக்கற வழில போகணும். 2018-ல தேஜஸ் போர் விமான ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) சூலூருக்கு வந்துச்சு, 2020 மே மாசம் 18-வது ஸ்குவாட்ரனும் தேஜஸோட அங்கயே ஆரம்பிச்சுது. தலைக்கு மேல காதக் கிழிச்சுட்டுப் போகுதே அதுல எடைக்கு ஏறத்தாழ 45 சதவீதம் காம்போசிட்டு, பெங்களூருல இருக்கற தேசிய விமான ஆய்வகம் என்ஏஎல்-க்கு அதுல பெரிய பங்கு. பையனுக்கு ஒரே எடத்துல ஒக்காந்து மூணு மணி நேரம் உப்புத்தாள் தேய்க்கற பொறுமை இருக்கான்னு மொதல்ல ஊட்டுக் கதவுல பாருங்க.

கே: பேத்தி சிங்கப்பூர்ல இருந்து கோயமுத்தூருக்கு நேரா வர்றா. ஒட்டுப் போட்ட ஏரோப்ளேன்னு உங்க புஸ்தகத்துல படிச்சதுல இருந்து வயித்தக் கலக்குது. நீங்க அதுல ஏறுவீங்களா சாமி?
(ஒரு அம்முச்சி, நம்பியூர்)

ப: ஏறிருக்கேன் அம்முச்சி, நானே ஒட்டு போட்டதுலயும் ஏறிருக்கேன்.

ரிவிட் அடிச்சா பயம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. 1978-ல ஜப்பான்ல ஒரு ஜம்போ எறங்கறப்ப வாலு தரைல இடிச்சுது, பின்னால உள்காத்தோட அழுத்தத்த புடிச்சு வெக்கற சுவர தகடு போட்டு ரிவிட் அடிச்சு சரி பண்ணாங்க, ரெண்டு வரிசை ரிவிட் சுமை தாங்க வேண்டிய எடத்துல ஒரு வரிசை மட்டும் தாங்கற மாதிரி பண்ணிட்டாங்க. ஏழு வருசம் ஓடுச்சு. 1985 ஆகஸ்ட் 12, அந்தச் சுவரு பிஞ்சு அதே ஜம்போ உழுந்துச்சு, 520 உசுரு. பசையா ரிவிட்டாங்கறது இல்ல, சொன்னபடி பண்ணாங்களாங்கறதுதான்.

சொன்னபடி பண்ணினதும் ஒண்ணு சொல்றேன். 2013 ஜூலைல லண்டன் ஹீத்ரோவுல சும்மா நின்னுட்டு இருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 787-ல ஒரு சின்ன பேட்டரி தீப்புடிச்சு, வாலுக்கு முன்னால மேல்தோல் கரிஞ்சு போச்சு. கார்பன் பாடி, இத ஒட்ட முடியாது, காயலாங்கடைக்குத்தான்னு அப்ப பேசினவங்க நெறைய. அதே வருசம் டிசம்பர்ல அது மறுபடியும் ஆளுங்கள ஏத்திட்டுப் பறந்துச்சு.

பேத்தி வந்தா ஒட்டு எங்க இருந்துச்சுன்னு கேளுங்க, அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. ஏர்போர்ட்டுக்கு கூட்டப் போறப்ப உங்க ஊட்டு வண்டி டயர்ல எத்தன பஞ்சர் ஒட்டிருக்குன்னு மட்டும் ஒருவாட்டி பாத்துட்டுக் கெளம்புங்க.